தொழில்முறைப் படம் எடுக்கப் போகிறேன்: உடை, ஒப்பனை பற்றி விவரமான ஆலோசனை தேவை

தனிவழி எழுதியது:

வணக்கம். நிறுவன வேலையை விட்டுவிட்டு, சிறுதொழில் நடத்துபவர்களுக்கு நிதி ஆலோசனை சொல்லும் பணியைத் தனியாகத் தொடங்கியிருக்கிறேன். இணையதளம், லிங்க்ட்இன், கூட்ட அறிவிப்பு என்று எங்கு போனாலும் முதலில் படம் கேட்கிறார்கள். ஒளிப்படக்காரர் ஒருவரிடம் அரை நாள் பேசி வைத்திருக்கிறேன். "உங்களுக்குப் பிடித்ததை அணிந்து வாருங்கள்" என்பதோடு அவர் முடித்துக்கொண்டார்.

கோட் போட்டால்தான் ஆலோசகர் என்று நம்புவார்களா? வேலை நேரத்தில் நான் கோட் அணிவதே இல்லை. நான் நல்ல கறுப்பு. வெளிர் நிறம்தான் எடுக்கும் என்று ஒருவரும், வெளிர் நிறமே கூடாது என்று இன்னொருவரும் அடித்துச் சொல்கிறார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் படத்திலும் என் முகம் எனக்குப் பிடிப்பதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒளிக்கூடம் எழுதியது:

உருவப்படம் எடுப்பதே என் தொழில். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

அலமாரியைத் திறப்பதற்கு முன்னால், படம் எங்கெல்லாம் போகப்போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். லிங்க்ட்இன் முகப்புப் படம் வட்டமாக வெட்டப்படும். கைப்பேசித் திரையில் அது விரல்நுனி அளவுக்குத்தான் தெரியும். அந்த வட்டத்துக்குள் வருவது முகம், முடி, கழுத்து, காலர், தோளின் ஒரு சிறு பகுதி, அவ்வளவுதான். அதே பக்கத்தின் மேலே வரும் பேனர் 1584 பிக்சல் அகலம், 396 பிக்சல் உயரம். உயரத்தைப் போல நான்கு மடங்கு அகலம் என்பதால், நீங்கள் ஓர் ஓரமாக நின்று மறுபக்கத்தை வெறுமையாக விட்டால்தான் எழுத்து போட இடம் கிடைக்கும். கூட்ட அறிவிப்புக்குப் பெரும்பாலும் இடுப்பளவு செங்குத்துப் படம் கேட்பார்கள். இந்தப் பட்டியலைப் படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. எல்லாப் படத்திலும் தவறாமல் இருக்கப்போவது முகத்தை ஒட்டி ஓர் அடி அளவுக்கு உள்ள பகுதிதான். காலர் எப்படி உட்கார்ந்திருக்கிறது, கழுத்து வெட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது, காதணி அசைந்து கண்ணை இழுக்கிறதா என்று பார்ப்பதில்தான் நேரம் செலவாக வேண்டும். தோள் வரை அகன்ற கழுத்து வெட்டு நேரில் அழகாக இருக்கும். ஆனால் வட்டத்துக்குள் வெட்டும்போது துணியே சட்டகத்துக்கு வெளியே போய், உடை அணியாதவர் போன்ற தோற்றம் வந்துவிடும்.

பொடிக் கோடு, பொடிக் கட்டம் போட்ட சட்டைகளைத் தவிருங்கள். துணியின் வரிசையும் கேமரா சென்சாரின் பிக்சல் வரிசையும் ஒன்றோடொன்று மோதும்போது, துணியில் இல்லாத வானவில் அலைகள் படத்தில் தோன்றும். இதற்கு மோரே என்று பெயர். படத்தைச் சிறிதாக்கும்போதுகூட இது புதிதாக முளைக்கும். பிறகு நீக்குவது பெரும்பாடு. பளிச்சென்ற பச்சை, ஆரஞ்சு, ரோஜா நிறங்களிலும் கவனம் வேண்டும். ஒளி துணியில் பட்டு எகிறி, தாடைக்குக் கீழே அந்த நிறத்தைப் பூசிவிடும். பச்சைச் சட்டைக்காரரின் கழுத்து நோயாளியின் கழுத்து போலத் தெரிவது இதனால்தான்.

கோட் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. வேலையில் அணியாததைப் படத்துக்கென்று அணியாதீர்கள். பழக்கமில்லாத கோட்டுக்குள் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறிவிடும். அந்த இறுக்கம் முகத்திலும் தெரியும்.

ஆள்தேர்வு எழுதியது:

ஒளிக்கூடம் ஐயா சொன்ன கடைசிப் பத்தியில் எனக்கு உடன்பாடு இல்லை. நிறுவனங்களுக்கு ஆள் எடுப்பது என் வேலை. படத்தை எவ்வளவு வேகமாகக் கடந்து போகிறோம் என்பது எனக்குத் தெரியும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜானின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டொடொரோவ் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒரு முகத்தை 100 மில்லிநொடி, அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் பார்த்தவர்களும், நேரக் கட்டுப்பாடு இல்லாமல் பார்த்தவர்களும் நம்பகத்தன்மை, திறமை பற்றி ஏறக்குறைய ஒரே மாதிரி மதிப்பிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது தங்கள் முடிவின் மீது அவர்களுக்கு நம்பிக்கை கூடியதே தவிர, முடிவு பெரிதாக மாறவில்லை.

அவ்வளவு குறுகிய நேரத்தில் ஒரு நிதி ஆலோசகர் "பணத்தை இவரிடம் நம்பிப் பேசலாம்" என்று சொல்லியாக வேண்டும். அதற்குக் கோட் உதவும். பாதுகாப்பான வழி அதுதான்.

ஒளிக்கூடம் எழுதியது:

அந்த ஆய்வு நல்ல ஆய்வு. ஆனால் அவர்கள் காட்டியவை முகங்கள், கோட்டுகள் இல்லை. நீங்கள் சொல்வது என் கட்சிக்கே வலு சேர்க்கிறது. முகம் இறுகினால் கோட் காப்பாற்றாது.

ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் அணிந்த, கழுத்தை மூடும் கறுப்புச் சட்டையை நினைத்துப் பாருங்கள். ஜப்பானிய உடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே அவருக்காகச் செய்து கொடுத்தது அது. ஒரு பெரிய நிறுவனத் தலைவர் கோட் இல்லாமல் நின்றும் யாரும் குறைவாக எண்ணவில்லை. மேடையிலும் படத்திலும் ஆண்டுக்கணக்கில் அதையே அணிந்தார். படத்தில் பார்த்த ஆளே நேரிலும் வந்தார். அதே சட்டையை அப்படியே எடுத்து அணிந்துகொள்ளும் புதுத் தொழில்முனைவோரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சட்டை இரவலாக வரும், அந்தப் பழக்கம் வராது.

ஆள்தேர்வு எழுதியது:

சரி, ஒரு படி இறங்கி வருகிறேன். வாடிக்கையாளரை முதன்முதலில் சந்திக்கப் போகும்போது தனிவழி மேடம் எதை அணிவாரோ, அதில் ஆகச் சிறந்ததை அணியட்டும். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளின் உடையை "இயல்பு" என்ற பெயரில் யாரும் கொண்டுவர வேண்டாம்.

ஒளிக்கூடம் எழுதியது:

இதில் முழு உடன்பாடு. முதல் சந்திப்பின் உடை: இதைவிடச் சுருக்கமாக நான் சொல்லியிருக்க முடியாது.

ஊசிமுனை எழுதியது:

நான் தையல்காரன். நிறத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அளவைப் பற்றி யாரும் பேசவில்லை. படத்தில் விலை உயர்ந்த துணிக்கும் சாதாரணத் துணிக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அளவு தப்பினால் முதல் பார்வையிலேயே தெரியும்.

கண்ணாடி முன் நின்று தோள் தையலைப் பாருங்கள். தோள் எலும்பு முடியும் இடத்தில் அது இருக்க வேண்டும். கைப்பக்கம் வழிந்தால், அண்ணன் சட்டையைத் தம்பி போட்டது போல் இருக்கும். அடுத்து, பின்கழுத்தில் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், உட்கார்ந்ததும் காலர் தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். மார்புப் பொத்தான் இருபக்கமும் இழுத்துக் குறுக்குச் சுருக்கம் விழுந்தால் அது இறுக்கம்.

பிறகு நாற்காலியில் உட்காருங்கள். நின்றபடி மட்டும் அளவு பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. உட்கார்ந்தால் வயிற்றுப் பக்கம் துணி பொங்கும். கோட் என்றால் கீழ்ப் பொத்தானை அவிழ்த்து, பின்பக்க விளிம்பை இழுத்து அதன் மேலேயே உட்கார வேண்டும். தோளில் திரளும் துணி அப்படியே கீழே இறங்கிவிடும்.

லினன் கசங்கும், சாட்டின் மினுங்கும். மினுக்கம் இல்லாத, சற்றுக் கனமான பருத்தியோ கம்பளிக் கலவையோ கேமராவுக்கு ஏற்றது. இஸ்திரி போட்ட உடையை மடிக்காதீர்கள், ஹேங்கரில் மாட்டியே எடுத்துப் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளுங்கள். காரில் உட்கார்ந்து போனால் இருக்கைப் பட்டையின் தடம் மார்பில் குறுக்காக விழும். கறுப்பு உடை என்றால் நூல், தூசி, முடி எடுக்கும் ஒட்டு உருளை ஒன்று கையில் இருக்கட்டும். புது உடையை ஒருமுறையாவது அணிந்து நடமாடிவிட்டுக் கொண்டுபோங்கள்.

தனிவழி எழுதியது:

ஊசிமுனை அண்ணா, உட்கார்ந்து பார்க்கும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி. நிறத்தைப் பற்றி யாராவது சொல்லுங்கள். கறுப்பு நிறத்தவர்கள் அடர்ந்த நிறம் அணிந்தால் "முகமே தெரியாது" என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக்கேட்டு, கடைக்குப் போனால் கை தானாக வெளிர் நிறத்துக்குத்தான் போகிறது.

ஒளிக்கூடம் எழுதியது:

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் நிறத்தில் எந்தக் குறையும் இல்லை. குறை ஒளி அமைப்பதில் இருந்திருக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஃபிலிம் தயாரித்த கோடாக் நிறுவனம், ஒளிப்படம் அச்சிடும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்ப்பதற்காக ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. ஷெர்லி அட்டை என்பார்கள். அதில் இருந்தவர் வெள்ளை நிறப் பெண். அந்த முகம் சரியாக வந்தால் அச்சு சரி என்று பொருள். கறுப்பு முகங்கள் விவரமே இல்லாத நிழலாகப் போனதை நெடுங்காலம் யாரும் பிழையாகக் கருதவில்லை. பல நிறத்தவர் சேர்ந்து இருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது.

இப்போதைய கேமராவில் நடப்பது வேறு. கேமராவின் ஒளிமானி எதிரில் இருப்பதைச் சராசரிச் சாம்பல் நிறமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. சட்டகம் முழுக்க வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சுவரும் இருந்தால், "வெளிச்சம் அதிகம்" என்று எண்ணி அளவைக் குறைக்கும். குறைவது உங்கள் முகத்தின் வெளிச்சம். ஆக, கறுப்பு முகத்துக்குத் தூய வெள்ளைதான் கூடுதல் கவனம் கேட்கும் நிறம். எடுப்பவர் முகத்தை வைத்து அளவு பார்த்தால் வெள்ளையும் அருமையாக வரும், அது வேறு விஷயம். கருநீலம், மரகதப் பச்சை, மாதுளைச் சிவப்பு, கத்தரிப்பூ நிறம் ஆகியவற்றில் உங்கள் தோலின் ஒளிர்வு எழுந்து நிற்கும். அடர்ந்த உடைக்குப் பின்னால் அதே அளவு அடர்ந்த திரையைத் தொங்கவிட்டால்தான் தோள் மறையும். உடைக்கும் பின்னணிக்கும் நடுவே வேறுபாடு இருக்கட்டும். உங்களைப் போன்ற நிறத்தவர்களை அவர் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம்.

அரிதாரம் எழுதியது:

ஒப்பனைக் கலைஞர் என்ற முறையில் ஒளிக்கூடம் சொன்னதற்குப் பின்பாட்டு.

ஃபவுண்டேஷன் நிறத்தைப் புறங்கையில் பூசிப் பார்த்து வாங்காதீர்கள். தாடையிலிருந்து கழுத்துக்கு ஒரு கோடு இழுத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கோடு மறைந்தால் அது உங்கள் நிறம். ஒரு படி வெளுப்பாகப் போட்டால் முகம் சாம்பல் பூத்துவிடும், கழுத்து வேறு கதை சொல்லும். உங்களைக் கேட்காமல் யாராவது வெளுப்பாகப் பூசத் தொடங்கினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், தனிவழி அக்கா. அது உங்கள் உரிமை.

ஃபிளாஷ் போட்டு எடுப்பார்கள் என்றால், டைட்டானியம் டையாக்ஸைடு, ஜிங்க் ஆக்ஸைடு கலந்த சன்ஸ்கிரீனை அன்று தவிருங்கள். சிலிக்கா பவுடரையும் அள்ளிப் போடாதீர்கள். நேரில் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. ஃபிளாஷ் ஒளியை அவை திருப்பி அனுப்புவதால் படத்தில் மூக்கும் கண்ணுக்குக் கீழும் மாவு அப்பியது போல வெளுக்கும். வீட்டில் ஃபிளாஷோடு ஒரு படம் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எண்ணெய்ப் பளபளப்புக்கு மேல் பவுடர் அடுக்கக் கூடாது. முதலில் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். இது ஆண்களுக்கும் பொருந்தும். நெற்றியும் மூக்கு நுனியும் எல்லோருக்கும் மின்னும். உதடு வெடித்திருந்தால் எந்தச் சாயமும் அதை மறைக்காது, இரண்டு நாள் முன்பிருந்தே தைலம் தடவுங்கள். புது முகப்பூச்சு, முகத்தில் முடி நீக்குதல், புதுச் சிகை வெட்டு எதையும் முந்தின நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். தோல் சிவந்தால் அடங்க நாளாகும். வெட்டிய முடியும் படிய ஒரு வாரம் எடுக்கும்.

முதற்படி எழுதியது:

நானும் இதே நிலையில்தான் இருக்கிறேன், மென்பொருள் எழுதுபவன். கண்ணாடிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? வில்லையைக் கழற்றிவிட்டு வெறும் சட்டத்தை மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்களே, சரியா?

ஒளிக்கூடம் எழுதியது:

தினமும் கண்ணாடி அணிபவர் என்றால் அணிந்தே எடுங்கள் தம்பி. கழற்றினால் பார்வை ஊன்றாமல் கண் சற்றுச் சுருங்கும், மூக்கில் தடமும் தெரியும். எதிரொளியைச் சமாளிப்பது எடுப்பவரின் வேலை. விளக்கை உயர்த்தினாலோ பக்கவாட்டில் நகர்த்தினாலோ பெரும்பாலும் போய்விடும். நீங்கள் செய்யக்கூடியது, கண்ணாடியின் கைகளைக் காதுக்கு மேல் ஓர் இழை உயர்த்தி வைப்பது. வில்லை சற்றே கீழ்நோக்கிச் சாயும், பளிச்சிடும் ஒளி கீழே போய்விடும். வெறும் சட்டம் என்பது கடைசி வழி. வெயிலில் தானாகக் கறுக்கும் வில்லை மட்டும் வெளிப்புறப் படங்களுக்கு உதவாது. கண்ணே தெரியாமல் போய்விடும்.

உள்ளம் எழுதியது:

தனிவழியின் கடைசிக் கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். "எந்தப் படத்திலும் என் முகம் எனக்குப் பிடிப்பதில்லை." உளவியல் படித்தவள் என்பதால் இதற்கு மட்டும் வருகிறேன்.

நாம் நம்மைப் பார்ப்பது கண்ணாடியில். அது இடவலம் மாறிய முகம். யாருடைய முகமும் இருபக்கமும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. வகிடு, புருவ உயரம், சிரிக்கும்போது ஏறும் உதட்டோரம் எல்லாம் படத்தில் பக்கம் மாறி நிற்கும். 1977இல் மீட்டா, டெர்மர், நைட் ஆகிய மூவர் இதைச் சோதித்தார்கள். ஒருவரின் படத்தையும் அதன் இடவல மாற்றத்தையும் காட்டியபோது, படத்தில் இருந்தவர்கள் கண்ணாடியில் தெரியும் வடிவத்தையே அதிகம் விரும்பினார்கள். அவர்களுடைய நண்பர்கள் விரும்பியது உண்மையான படத்தை. பார்த்துப் பழகியதன் மீது பிடிப்பு வருவதுதான் காரணம் என்பது அவர்கள் முடிவு.

ஆகவே படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தனியாக உட்காராதீர்கள். உங்களை நேரில் பார்த்துப் பழகிய இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். "எதில் அழகாக இருக்கிறேன்" என்று கேட்க வேண்டாம். "எதில் நான் பேசுவதை நீங்கள் கேட்பது போல் இருக்கிறது" என்று கேளுங்கள். பதில் வேறாக வரும்.

சிரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் டுஷேன் 1862இலேயே எழுதிவிட்டார். மனத்தில் எழும் சிரிப்பு வாயோடு நிற்பதில்லை, கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து சுருங்கும். "சிரியுங்கள்" என்றதும் வாய் மட்டும் விரிவது அதனால்தான் ஒட்டாமல் தெரிகிறது. எடுப்பவரோடு பேசிக்கொண்டே இருங்கள். கடன் சிக்கலிலிருந்து மீண்ட ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லுங்கள். பேச்சு முடிந்து வாய் மூடும் அந்தக் கணத்தில் முகம் மிக நன்றாக இருக்கும்.

தனிவழி எழுதியது:

உள்ளம், இதைப் படித்ததும் பெரிய பாரம் இறங்கியது. இன்னொன்று. எனக்கு முன்நெற்றியில் நரை இருக்கிறது, கன்னத்தில் பழைய தழும்பும் உண்டு. எடுத்த பிறகு கணினியில் நீக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். நீக்கலாமா?

ஆள்தேர்வு எழுதியது:

நரையை நீக்காதீர்கள். படத்தில் ஒருவரைப் பார்த்துவிட்டு, வாசலில் பத்து வயது கூடுதலாக ஒருவர் வந்து நிற்கும்போது ஏற்படும் சின்ன அதிர்ச்சியை எத்தனையோ நேர்காணலில் பார்த்திருக்கிறேன். பேச்சைத் தொடங்கும் முன்பே நம்பிக்கையில் ஒரு கீறல் விழுந்துவிடும். நிதி ஆலோசகருக்கு நரை பலம்தான்.

அரிதாரம் எழுதியது:

தழும்பில் நான் அவ்வளவு கறாராக இருக்க மாட்டேன். அது அவருடைய முகம், அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தத் தழும்பைப் பார்த்துப் பார்த்து வருந்துபவராக இருந்தால் சற்று மங்கச் செய்வதில் தவறில்லை.

ஒளிக்கூடம் எழுதியது:

நான் வைத்திருக்கும் வரம்பு இது: இரண்டு வாரத்தில் தானாக மறையக்கூடியதை நீக்குவேன். பரு, கொசுக்கடி, கலைந்து நிற்கும் ஒற்றை முடி. நிலையாக இருப்பதை அவர் வாய் திறந்து கேட்டால் மட்டும் தொடுவேன், அப்போதும் மங்கத்தான் செய்வேன். தோலின் துளைகளை வழித்தெடுத்து மெழுகாக்குவதை யார் கேட்டாலும் செய்ய மாட்டேன். "தோலின் தன்மை மாறக் கூடாது, முக வடிவத்தைத் தொடக் கூடாது" என்று முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

முதற்படி எழுதியது:

ஒளிப்படக்காரரை வைத்து எடுக்க எனக்கு இப்போது வசதி இல்லை. கைப்பேசியில் எடுத்தால் கேவலமாக இருக்குமா?

ஒளிக்கூடம் எழுதியது:

இருக்காது. கைநீட்டி எடுக்காமல் இருந்தால் போதும். அவ்வளவு கிட்டத்தில் மூக்கு பெரிதாகும், காதுகள் பின்வாங்கும். முகத்தின் விகிதத்தை மாற்றுவது தூரம்தான். நாங்கள் உருவப்படத்துக்கு 85 முதல் 135 மி.மீ. லென்ஸ் வைப்பதும் ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நிற்பதற்காகத்தான். நீங்களும் நண்பர் ஒருவரை அந்தத் தூரத்தில் நிறுத்தி, பின்பக்கக் கேமராவில், 2 மடங்கு உருப்பெருக்கத்தில் எடுக்கச் சொல்லுங்கள். கேமரா உங்கள் கண் உயரத்தில் இருக்கட்டும். எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள்.

வெயில் நேரடியாக விழாத பெரிய ஜன்னலுக்கு அருகே, முகத்தை அதன் பக்கம் பாதி திருப்பி நில்லுங்கள். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வோம்: பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 3000 கெல்வின் பக்கம். இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறுகன்னம் மஞ்சளாகவும் வரும், பிறகு எந்தத் திருத்தமும் இரண்டையும் சேர்த்து வைக்காது. பின்னணியை மங்கலாக்கும் வசதியைப் போடாதீர்கள். கண்ணாடிச் சட்டத்தின் விளிம்பையும் முடியையும் தின்றுவிடும்.

தனிவழி, உங்களுக்கு ஒன்று விட்டுப்போனது. படங்களை எங்கெங்கே பயன்படுத்தலாம், எத்தனை காலம், கூட்டம் நடத்துபவர்களுக்குக் கொடுக்கலாமா என்பதையெல்லாம் பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். முழு அளவுக் கோப்பும் இணையத்துக்கான சிறிய கோப்பும் தனித்தனியாகக் கேளுங்கள். கேமராவின் மூலக் கோப்புகளைப் பெரும்பாலான ஒளிப்படக்காரர்கள் தருவதில்லை, அதற்காகச் சண்டை வேண்டாம். அன்று முதல் உடையாக உங்களுக்கு மிகவும் பழகியதை அணியுங்கள், முக்கியமான உடையை இரண்டாவதாக வையுங்கள். கேமரா முன் தோள் தளர அரை மணி நேரமாவது ஆகும்.